குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்: கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

கடந்த ஐப்பசியில், அம்மாவின் அறையை ஒட்டிய குளியலறையில் ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு மூலை கீழே தொங்க ஆரம்பித்தது. ஸ்டூலில் ஏறி விரலால் தொட்டேன். தண்ணீரில் ஊறிய ரொட்டியைத் தொட்டதுபோல் விரல் உள்ளே இறங்கியது. பலகையைக் கழற்றிப் பார்த்தபோது அதன் மேல்பக்கம் முழுவதும் கறுப்புப் பூஞ்சை. ஈரத்தை வெளியேற்றுவதற்காக எட்டு மாதம் முன்பு பொருத்திய எக்ஸாஸ்ட் ஃபேன்தான் அதற்குக் காரணம். ஃபேனுக்குப் பின்னால் குழாய் எதுவும் இணைக்கப்படவில்லை. வெந்நீர் ஆவி முழுவதையும் அது எட்டு மாதமும் அந்தப் பலகையின் முதுகில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

அதைச் சரிசெய்யும் வேகத்தில் ஹாலை ஒட்டிய பொதுக் குளியலறைக்கும் ஒரு ஃபேன் வாங்கினேன். அது வென்டிலேட்டர் சட்டத்துக்குள் நுழையவே இல்லை. சென்னையில் மூன்றாம் மாடி அடுக்குமாடி வீடு எங்களுடையது. இரண்டு குளியலறைகளையும் ஒழுங்குக்குக் கொண்டுவர எனக்கு மூன்று மாதமானது. அந்த மூன்று மாதமும் அம்மா இருமிக்கொண்டே இருந்தார். நான் பட்டதை வேறு யாரும் பட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடையில் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இன்ச் வேண்டும்?" என்பது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான்கைந்து கேள்விகளுக்கு வீட்டிலேயே பதில் கண்டுபிடித்தாக வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

எல்லா ஈரத்தையும் ஃபேன் தீர்க்காது. மேல்வீட்டுக் குழாய்க் கசிவாலோ வெளிச்சுவரின் விரிசலாலோ வரும் ஈரத்துக்கு எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் பயன் இல்லை.

ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஈரமாகத் தெரியும் சுவரில் ஓர் அடிக்கு ஓர் அடி அளவுள்ள பிளாஸ்டிக் தாளை வையுங்கள். நான்கு பக்கமும் காற்று புகாதபடி டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள். உங்கள் பக்கம் இருக்கும் தாளின் மேல் மட்டும் துளிகள் நின்றால், குளியல் ஆவி வெளியேற வழி இல்லை என்று பொருள். அதற்குத்தான் ஃபேன்.

2. காற்று எங்கே போய்ச் சேரும் என்பதை முடிவு செய்யுங்கள்

இந்த ஒரு கேள்வியை நான் கேட்கத் தவறினேன். நம் அடுக்குமாடி வீடுகளில் பொதுவாக மூன்று வாய்ப்புகள் உண்டு.

முதலாவது, வென்டிலேட்டர் நேரே திறந்தவெளியைப் பார்த்திருப்பது. இதுதான் எளிது. லூவர் கண்ணாடிகளில் சிலவற்றைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு தகடு வைத்து ஃபேனைப் பொருத்தலாம்.

இரண்டாவது, வென்டிலேட்டர் கட்டடத்தின் நடுவே குழாய்கள் இறங்கும் டக்டைப் பார்த்திருப்பது. இங்கே ஒரு வேலை இருக்கிறது: மொட்டைமாடிக்குப் போய் அந்த டக்ட் மேலே திறந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மழைத்தண்ணீர் இறங்குகிறது, புறா வருகிறது என்று பல கட்டடங்களில் ஷீட் போட்டு மூடியிருப்பார்கள். சுற்றிலும் இடைவெளி விட்டு ஷீட்டை உயர்த்திப் போட்டிருந்தால் கவலை இல்லை. இறுக மூடியிருந்தால் நீங்கள் தள்ளும் ஆவி மேல்வீட்டுக் குளியலறைக்கும், அவர்கள் தள்ளுவது உங்களுக்கும் வந்து சேரும். அந்த நிலையில் சங்கத்தில் பேசி ஷீட்டை உயர்த்தச் சொல்வதுதான் முதல் வேலை.

மூன்றாவது, ஃபால்ஸ் சீலிங்கில் ஃபேன் வைப்பது. வெளிச்சுவரோ டக்டோ பக்கத்தில் இல்லாத குளியலறைக்கு வேறு வழி கிடையாது. ஆனால் சீலிங்கில் வைத்த ஃபேனிலிருந்து வெளிக்காற்று வரை தொடர்ச்சியாகக் குழாய் போயே ஆக வேண்டும். "மேலே நிறைய இடம் இருக்கிறது, காற்று தானாகப் போய்விடும்" என்று யாராவது சொன்னால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நம் வீடுகளில் அந்த ஃபால்ஸ் சீலிங், மேல்வீட்டுக் கழிவறைக் குழாய்களை மறைப்பதற்காகப் போட்டது. நாலு பக்கமும் சுவர், மேலே கான்கிரீட். ஈரக் காற்று அங்கே போனால் தங்கத்தான் செய்யும்.

குழாய் போடும்போது கவனிக்க வேண்டியவை: ஃபேனின் வாய் 4 அங்குலம் என்றால் குழாயும் 4 அங்குலம் இருக்க வேண்டும்; நடுவில் சுருக்கக் கூடாது. முடிந்தவரை வழவழப்பான பி.வி.சி. குழாய் போடுங்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும் அலுமினியக் குழாய் போட்டால் நன்றாக இழுத்து நீட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். தொய்வாக விட்டால் ஒவ்வொரு மடிப்பும் காற்றைத் தடுக்கும், தொய்வில் தண்ணீரும் தேங்கும். திருப்பங்கள் ஒன்றோ இரண்டோ போதும். குழாயின் வெளிமுனை சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். ஆவி குளிர்ந்து துளியாகும்போது அது வெளியே வடிய வேண்டுமே தவிர மோட்டாருக்குள் இறங்கக் கூடாது.

குழாய் ஐந்தாறு அடிக்கு மேல் நீளும் என்றால் சாதாரண ஃபேன் போதாது. விசிறி இறக்கை வடிவில் இருக்கும் ஃபேன்கள் எதிரே தடை இல்லாதபோது நிறையக் காற்றைத் தள்ளும். நீளமான குழாயை மாட்டினால் திணறிவிடும். அங்கே குழாயின் நடுவில் பொருத்தும் இன்லைன் ஃபேனைக் கேளுங்கள். விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கும், ஆனால் அந்த இடத்துக்கு அதுதான் சரி.

3. உள்ளே வரும் காற்றுக்கு வழி விடுங்கள்

வெளியே போகும் காற்றின் அளவுக்கு உள்ளே காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் ஃபேன் சுற்றும், சத்தம் போடும், ஆவி மட்டும் அப்படியே நிற்கும்.

கதவைச் சாத்திவிட்டு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். கணக்கு இப்படி: 75 செ.மீ. அகலக் கதவின் அடியில் 1 செ.மீ. இடைவெளி இருந்தால் காற்று வரும் வாய் 75 சதுர செ.மீ.; 2 செ.மீ. இருந்தால் 150. ஆறு அங்குல ஃபேனின் வட்ட வாய் ஏறக்குறைய 177 சதுர செ.மீ., நான்கு அங்குல ஃபேனுடையது 79. ஆகவே நான்கு அங்குலத்துக்கு 1 செ.மீ. போதும், ஆறு அங்குலத்துக்கு 2 செ.மீ. வேண்டும். இப்போது போடும் பி.வி.சி. கதவுகளில் கல் நிலைப்படியோடு இறுக்கமாகப் பொருந்தும்படி செய்துவிடுகிறார்கள். தச்சரைக் கூப்பிட்டு அடியில் கொஞ்சம் அறுத்துவிடலாம், அல்லது கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு பிளாஸ்டிக் ஜன்னல் சட்டம் வைக்கலாம். எங்கள் வீட்டில் அறுத்தோம். கால் மணி நேர வேலை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஃபேனுக்குப் பக்கத்திலேயே மீதிக் கண்ணாடிகளைத் திறந்து வைத்தால், வெளிக்காற்று அந்தக் கண்ணாடி வழியாக வந்து அடுத்த நொடியே ஃபேன் வழியாக வெளியேறிவிடும். குளிக்கும் இடத்துக் காற்று அசையவே அசையாது. ஃபேன் ஓடும்போது பக்கத்துக் கண்ணாடிகளை மூடிவையுங்கள். கதவிலிருந்து எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் ஃபேன் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கதவடியில் நுழையும் காற்று அறை முழுவதையும் கடந்துதான் வெளியேற வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அதை வெளியே மாற்றும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய அறையில் உயிரையே எடுத்துவிடும். "எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டோம், பயமில்லை" என்று நினைப்பது ஆபத்து. காற்று வரும் வழி போதாத அறையில் ஃபேன் இழுக்கும் இழுப்பில், புகைக்குழாய் வழியாக வெளியே போக வேண்டிய வாயுவே திரும்பி உள்ளே வரலாம். கேஸ் கீசர் காற்றோட்டமான பால்கனியில் இருக்கட்டும்; அங்கிருந்து வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

4. எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். எங்கள் பொதுக் குளியலறை 8 அடி நீளம், 5 அடி அகலம், 9 அடி உயரம்: 360 கன அடி. குளிக்கும் அறையின் காற்று மணிக்குப் பத்து முறையாவது மாற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 360-ஐப் பத்தால் பெருக்கினால் மணிக்கு 3,600 கன அடி. அதை 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 60 கன அடி. பெட்டியில் சி.எஃப்.எம். என்று போட்டிருப்பது இந்த எண்தான். சில நிறுவனங்கள் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போடும், சி.எஃப்.எம்.-ஐ 1.7-ஆல் பெருக்கினால் அது வந்துவிடும். 60 சி.எஃப்.எம். என்றால் ஏறக்குறைய 102 கன மீட்டர்.

பெட்டியில் இருக்கும் எண், எதிரே தடை எதுவும் இல்லாத நிலையில் அளந்தது. நம் வீட்டில் மூடிகள் உண்டு, கொசுவலை உண்டு, ஓரிரு மாதத்தில் தூசியும் சேரும். அதனால் கணக்கில் வந்த எண்ணைப்போல் ஒன்றரை மடங்காவது தரும் ஃபேனைப் பாருங்கள். மூன்று பேர் வரிசையாக வெந்நீரில் குளிக்கும் வீடு என்றால் இரண்டு மடங்கு.

நடைமுறையில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்றால்: சின்னக் கழிவறைக்கு 4 அங்குலம், அதாவது 100 மி.மீ. போதும். வழக்கமான குளியலறைக்கு 6 அங்குலம், 150 மி.மீ. சரி. எட்டு அங்குலம் பெரும்பாலான குளியலறைக்குத் தேவையே இல்லை, அது சமையலறைக்கு. "பெரிதாக இருந்தால் நல்லதுதானே" என்று நான் எட்டு அங்குலம் வாங்கினேன். அந்தக் கதை அடுத்த படியில்.

5. துளையை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்

ஆறு அங்குலம், எட்டு அங்குலம் என்று சொல்வது உள்ளே சுற்றும் இறக்கையின் விட்டம். ஃபேன் நுழைவதற்கு வேண்டிய துளை அதைவிடப் பெரியது. சுவருக்கு முன்னால் தெரியும் சட்டம் அதையும்விடப் பெரியது. இந்த மூன்றும் வேறு வேறு அளவு என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வென்டிலேட்டரின் உள் அகலம் 22.5 செ.மீ. எட்டு அங்குலம் என்றால் 20 செ.மீ.தானே, தாராளமாக நுழையும் என்று வாங்கி வந்தேன். ஃபேனுக்குத் தேவைப்பட்ட துளை 24 செ.மீ.க்கு மேல். பெட்டியைப் பிரித்து இறக்கையை மாட்டிப் பார்த்துவிட்டதால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அளக்கும் முறை இது. வென்டிலேட்டர் சட்டத்தின் உள் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து மிகக் குறைந்ததை எழுதுங்கள். உயரத்தையும் அப்படியே. பிறகு ஆழம்: சட்டத்திலிருந்து வெளியே இருக்கும் இரும்புக் கம்பி வரை எத்தனை செ.மீ.? ஃபேனின் முதுகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் பின்னால் காற்று வரும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் மூடிகள் இருக்கும். ஃபேன் உள்ளே நுழைந்தாலும், அந்த மூடிகள் கம்பியில் இடித்துத் திறக்க முடியாமல் போனால் எல்லாம் வீண். எங்கள் பக்கத்து வீட்டில் இப்படித்தான் மூடிகள் பாதி மட்டும் திறந்து, நாள் முழுவதும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

இந்த எண்களைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் பெட்டியின் பக்கவாட்டிலோ உள்ளே உள்ள தாளிலோ துளை அளவு கட்-அவுட் என்ற பெயரில் அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சுவரில் புதிதாகத் துளை போட வேண்டியிருந்தால், இயந்திரத்தால் வட்டமாக வெட்டி எடுக்கும் கோர் கட்டிங் செய்பவரைக் கூப்பிடுங்கள். உளியும் சுத்தியலும் வைத்து உடைத்தால் சுற்றியுள்ள டைல்ஸ் விரிசல் விடும். தூண், பீம் இருக்கும் இடத்தில் எந்தக் காரணத்துக்காகவும் துளை போடக் கூடாது. சுவருக்குள் குழாயும் ஒயரும் எங்கே போகின்றன என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

6. பெட்டியில் படிக்க வேண்டியவை

உடம்பு: குளியலறைக்குப் பிளாஸ்டிக் உடம்புதான். இரும்பு உடம்பு எவ்வளவு பெயிண்ட் அடித்திருந்தாலும் ஈரத்தில் துருப்பிடிக்கும். கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கூடவே வரும் திருகாணிகளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிக்கொள்ளுங்கள். சில ரூபாய்தான் ஆகும்.

தண்ணீர்ப் பாதுகாப்பு: ஐ.பி. என்று தொடங்கும் ஒரு குறி இருக்கும். அதில் இரண்டாவது எண் தண்ணீருக்கானது. அது 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். ஷவருக்கு அருகில் வைப்பதாக இருந்தால் ஐ.பி.எக்ஸ்.4 (முதல் எண்ணின் இடத்தில் எக்ஸ் என்று இருக்கும்) அல்லது அதற்கு மேல் உள்ளதை மட்டும் வாங்குங்கள். அப்படி இருந்தாலும் ஷவர் நீர் நேராகப் பாயும் இடத்தில் வைக்காதீர்கள்.

மோட்டார்: தாமிரக் கம்பி சுற்றியதா, பால் பேரிங் உள்ளதா என்று கேளுங்கள். பேரிங்குக்குப் பதில் புஷ் என்ற உலோக வளையம் வைத்தது விலை குறைவு, முதலில் அமைதியாகவும் ஓடும்; ஆனால் சீலிங்கில் படுக்கையாக வைக்கும்போது சீக்கிரம் தேய்ந்து கரகரக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் இந்த வகை ஃபேனுக்கான தர எண் ஐ.எஸ். 2312, முத்திரைக்கு மேல் அந்த எண் இருக்கிறதா பாருங்கள்.

சத்தம்: இதைப் பலரும் கடைசியில் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இதுதான் முதலில் வர வேண்டும். சத்தம் போடும் ஃபேனை வீட்டில் யாரும் போடவே மாட்டார்கள். அம்மா அப்படித்தான், விடிகாலை ஐந்து மணிக்குக் குளிக்கும்போது மற்றவர்கள் எழுந்துவிடுவார்களே என்று ஸ்விட்சைத் தொடவே மாட்டார். ஒரே ஆறு அங்குலத்தில் நிமிடத்துக்கு 1,350 சுற்று சுற்றுவதும் உண்டு, 2,000-க்கு மேல் சுற்றுவதும் உண்டு. வேகமாகச் சுற்றுவது அதிகக் காற்றைத் தள்ளும், அதிகமாகக் கத்தும். உங்கள் கணக்குக்குப் போதும் என்றால் மெதுவாகச் சுற்றுவதையே எடுங்கள். கடையில் பிளக்கில் மாட்டி ஓடவிடச் சொல்லிக் காதருகே வைத்துக் கேளுங்கள். கடைத்தெரு இரைச்சலிலேயே கரகரப்பு கேட்டால் வீட்டில் தாங்காது.

மூடி: டக்டைப் பார்த்த குளியலறைக்குத் தானாக மூடிக்கொள்ளும் மூடி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வீட்டு வாசனையும் கொசுவும் கரப்பான்பூச்சியும் அந்த வழியாகவே வரும். வெளிச்சுவர் வடக்கையோ கிழக்கையோ பார்த்திருந்தால் வடகிழக்குப் பருவமழையில் சாரல் நேராக அடிக்கும். மூடியோடு வெளியே ஒரு சிறு மழைத்தடுப்பும் வையுங்கள். கொசுவலை போடுவதென்றால் கழற்றிக் கழுவும்படி போடுங்கள். தூசி அடைத்த வலை ஃபேனின் மூச்சையே நிறுத்திவிடும்.

7. மின் இணைப்பு: ஃபேனுக்குத் தனி ஸ்விட்ச்

விளக்கும் ஃபேனும் ஒரே ஸ்விட்சில் ஓடும்படி இணைத்துவிடுவது எலெக்ட்ரீஷியனுக்குச் சுலபம். ஆனால் குளித்துவிட்டு விளக்கை அணைத்ததும் ஃபேனும் நின்றுவிடும். ஈரம் முழுவதும் உள்ளேயே இருக்கும். குளித்து முடித்த பிறகு குறைந்தது இருபது நிமிடம் ஃபேன் ஓடியாக வேண்டும். அதனால் தனி ஸ்விட்ச் கேளுங்கள். முடிந்தால் குறித்த நேரத்தில் தானாக அணையும் டைமர் ஸ்விட்சாகவே வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்காக டைமர் வைத்தோம். இப்போது அவர் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுப் பூஜைக்குப் போய்விடுகிறார்.

ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். இணைப்பு மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஒயரை முறுக்கி டேப் சுற்றித் தொங்கவிடுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபேனில் எர்த் இணைப்பு கொடுத்திருந்தால் அதை விடாமல் இணைக்கச் சொல்லுங்கள். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இந்தச் சாக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக் கையும் மின்சாரமும் சேரும் இடம் இது.

மின்கட்டணம் பற்றிப் பயப்பட வேண்டாம். 30 வாட் ஃபேன் தினமும் இரண்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்குக்கு மூன்றரை யூனிட் அளவுதான்.

8. அனுமதி, பில், வாரண்டி

வெளிப்பக்கச் சுவரில் ஏதாவது மாற்றம் தெரியும் என்றால் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். எந்தச் சுவர், எவ்வளவு பெரிய துளை, எந்த நாளில் வேலை என்ற மூன்று விவரம் போதும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்குப் பத்து நாள் ஆனது.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காலிசெய்யும்போது ஃபேனைக் கழற்றி எடுத்துப்போகலாமா, பழைய கண்ணாடியைத் திரும்பப் போட வேண்டுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். கழற்றிய லூவர் கண்ணாடிகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வையுங்கள். முன்பணத்தில் பிடித்தம் வராமல் இருக்க அது உதவும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த விலை. "பில் வேண்டுமென்றால் வரி தனி" என்று சொன்னால் வேறு கடை பாருங்கள். பில்லில் மாடல் பெயரும் தேதியும் தெளிவாக இருக்க வேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரை வாங்குங்கள். ஃபேனின் உடம்பில் உள்ள வரிசை எண்ணைப் பொருத்தும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். சுவரில் ஏறிய பிறகு அதைப் படிக்க முடியாது.

புது வீடு கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது: வாரண்டி பொதுவாக வாங்கிய நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கும். மற்ற மின்பொருட்களோடு சேர்த்து ஃபேனையும் வாங்கி வைத்து, ஓராண்டு கழித்துக் கிரகப்பிரவேசத்தின்போது பொருத்தினால் அந்த ஓராண்டு போனதுதான். கட்டும்போது துளையும் குழாயும் ஒயரும் மட்டும் விடச் சொல்லுங்கள். ஃபேனைக் குடிபோகும் மாதத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

9. செலவும் நாட்களும்

பொதுக் குளியலறைக்கு எனக்கு ஆனது: ஆறு அங்குல ஃபேன் 1,650 ரூபாய்; அலுமினியச் சட்டத்தோடு துளையிட்ட அக்ரிலிக் தகடு 700; டைமர் ஸ்விட்ச் 900; ஒயரும் அதை மூடும் மேல்குழாயும் 250; இடைவெளியை அடைக்கும் சிலிக்கான் 200; எலெக்ட்ரீஷியன் கூலி 500. மொத்தம் 4,200. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஃபேன் விலை மொத்தத்தில் பாதிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஃபேனுக்கு மட்டும் பணம் எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினால் தகட்டிலும் டைமரிலும் கையைக் கடித்து, வேண்டாத இடத்தில் மிச்சம் பிடிக்கத் தோன்றும்.

அளப்பதற்கு ஒரு மாலை. கண்ணாடிக் கடைக்காரர் தகடு வெட்டித் தர இரண்டு நாள். ஃபேனை வாங்கி, அதைக் கையில் கொண்டுபோய்க் காட்டித் தகட்டில் துளை போடச் சொல்லுங்கள். வாயால் சொன்ன அளவை நம்பி வெட்டினால் அரை செ.மீ. தவறினாலும் தகடு வீண். பொருத்துவது இரண்டு மணி நேர வேலை. பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். தையிலிருந்து ஆடிக்குள் செய்வது நல்லது. மழை தொடங்கிய பிறகு வெளிப்பக்கச் சிலிக்கான் ஈரச்சுவரில் பிடிக்காது, எலெக்ட்ரீஷியனும் எளிதில் கிடைக்க மாட்டார்.

10. பணம் கொடுப்பதற்கு முன் சோதியுங்கள்

எலெக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன் நான்கு காரியம் செய்யுங்கள். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, ஒரு மெல்லிய டிஷ்யூ தாளை அதன் முகப்பில் வையுங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் கதவைக் கொஞ்சம் திறந்து மறுபடி வையுங்கள். இப்போது ஒட்டினால் குறை கதவடி இடைவெளியில், அப்போதும் விழுந்தால் குறை குழாயிலோ மூடியிலோ இருக்கிறது.

அடுத்து, ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக் கதவடியில் பிடியுங்கள். புகை உள்நோக்கிப் போக வேண்டும். மூன்றாவதாக, வெளியே போய் மூடிகள் முழுவதும் திறக்கின்றனவா, ஃபேன் நின்றதும் மூடுகின்றனவா என்று பாருங்கள். சீலிங் ஃபேன் என்றால் குழாயின் வெளிமுனையில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். இதை மட்டும் நான் அன்று செய்திருந்தால் அந்தப் பலகை அழுகியிருக்காது. கடைசியாக, மின்சாரத்தை அணைத்துவிட்டு முகப்பை நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் செய்யப்போவது நீங்கள்தான்.

அப்படிக் கழற்றும்போது முகப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். இறக்கையை ஈரத் துணியால் துடைத்தால் போதும். மோட்டார் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரே பக்கம் தூசி அப்பிய இறக்கை ஆடிக்கொண்டே சுற்றும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் ஃபேன் மட்டும் தரையைக் காயவைக்காது. குளித்த கையோடு வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஃபேனைப் போடுங்கள். எங்கள் வீட்டில் கார்த்திகை முழுவதும் அப்படித்தான் செய்தோம். கொடியில் போட்ட துண்டு மாலைக்குள் காய்ந்துவிடுகிறது, அதில் அந்தப் பழைய முடை நாற்றம் இல்லை.